நாலு வாரம் பொறுக்கக் கூடாதா?

எங்கள் தெருவுக்குப் பின்னால் கிடக்கும் மனைகளில் இந்த வருஷமும் ஆள்காட்டிக் குருவியின் முட்டைகள் போய்விட்டன. போன வருஷம் நாய். இந்த வருஷம் வைகாசியில் ஜேசிபி. ஓட்டி வந்த தம்பியிடம் கேட்டால், "மனையைச் சுத்தம் பண்ணச் சொன்னாங்க அக்கா, அதான்" என்கிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. முந்தின நாளே மனைக்காரரிடம் சொல்லியிருந்தேன். "குருவிதானேம்மா, வேற இடத்துல வெச்சுக்கும்" என்றார். வேறு இடம் எங்கே இருக்கிறது? வேர்க்கடலையும் நெல்லும் விளைந்த கொல்லைகளெல்லாம் கல் நட்டு மனையாகிவிட்டன. விற்ற பிறகும் வீடு கட்டுகிறார்களா என்றால் அதுவும் இல்லை. வருஷக்கணக்காகப் பொட்டலாய்க் கிடந்த மண்ணை, முட்டை இருந்த அந்த வாரத்திலேயே சுரண்டியாக வேண்டும் என்று என்ன அவசரம்?

ஆள்காட்டி மரத்தில் கூடு கட்டுகிற பறவை இல்லை. தரையில்தான் அதன் குடித்தனம். பங்குனி தொடங்கி ஆடி வரைக்கும் வெட்டவெளியில் லேசாக ஒரு பள்ளம் பறித்து, சுற்றிலும் சின்னக் கற்களை வைத்துவிட்டு முட்டையிடும். பெரும்பாலும் நாலு முட்டை. மண் நிறத்தில் கறுப்புத் திட்டுகள். கூர்முனைகளெல்லாம் நடுவைப் பார்த்தபடி இருக்கும். ஜல்லிக்கு நடுவே நாலடி தூரத்தில் நின்று பார்த்தாலும் கண்ணுக்குத் தட்டுப்படாது. அதுதான் அதற்குக் காவல். மிதிக்கிற காலுக்கும் உருளுகிற டயருக்கும் அந்தக் காவலால் என்ன பயன்?

திருத்தணி வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கோடையில் நூறு டிகிரியைத் தாண்டிய ஊர்கள் என்று டிவியில் வாசிக்கும்போது நம் ஊர்ப் பெயர் தவறுவதே இல்லை. அந்த வெயிலில் நிழல் துளியும் இல்லாத மண்ணில் முட்டை வெந்துவிடாதா? மாடியிலிருந்து பார்த்திருக்கிறேன். ஜோடியில் ஒன்று எழுந்து தெருக்கோடிக் குழாயடியில் தேங்கிய தண்ணீருக்குப் போகும். குனிந்து குனிந்து வயிற்றுச் சிறகுகளை நனைத்துக்கொள்ளும். சொட்டச் சொட்ட ஓடி வந்து, மஞ்சள் கால்களை மடக்கி முட்டைமேல் உட்காரும். அந்த ஈரத்தில்தான் முட்டை பிழைக்கிறது. பிறகு மற்றது போகும். உச்சிவெயிலில் நாம் வாசற்படி தாண்டத் தயங்குகிற நேரத்தில் அவை இரண்டும் மாறி மாறிச் செய்கிற வேலை இது.

நாய் வந்தால் தலைக்குமேல் பாய்ந்து பாய்ந்து கத்தும். ஒடிந்ததுபோல் இறக்கையை இழுத்துக்கொண்டு நொண்டி, நாயை வேறு பக்கம் கூட்டிப்போகவும் பார்க்கும். அந்தக் கத்தல்தான் எங்கள் தெருவில் பலருக்குப் பிடிக்கவில்லை. ராத்திரியில் கத்தினால் ஆகாது என்று ஒரு அம்மா பையனை விட்டுக் கல்லெறியச் சொன்னார். முட்டைக்குப் பக்கத்தில் யாரோ வந்துவிட்டார்கள் என்றுதான் அது கத்துகிறது. பயந்து கத்துகிற தாயைக் கல்லால் அடிப்பது எந்த ஊர் நியாயம்?

மயில் என்றால் நமக்கு எவ்வளவு மரியாதை! ஆடிக் கிருத்திகைக்கு லட்சக்கணக்கானவர்கள் காவடி எடுத்து வருகிறார்கள். மயில்பீலி கட்டிய காவடிகள் மலை ஏறுகின்றன. 1963 முதல் மயில்தான் தேசியப் பறவை. அந்த மரியாதை இருக்கட்டும், இருக்கத்தான் வேண்டும். அதில் ஒரு பங்கு, அதே மலையின் அடிவாரத்தில் மண்ணோடு மண்ணாக உட்கார்ந்திருக்கும் இதற்கும் கிடைக்கக் கூடாதா? 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவையின் முட்டையைச் சிதைப்பதையும் கூட்டைக் கலைப்பதையும் வேட்டையாகத்தான் கணக்கில் எடுக்கிறது. இதைச் சொன்னால், "ஒரு குருவிக்குப் போய் சட்டமா?" என்று சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முட்டை பொரிய நாலு வாரம். குஞ்சு வெளியே வந்த அன்றே எழுந்து நடந்துவிடும். தாய் குரல் கொடுத்தால் அப்படியே தரையோடு தரையாகப் பதுங்கிக்கொள்ளும். அதன்பின் அந்த இடம் அதற்கு வேண்டியதே இல்லை. சுரண்டட்டும், அஸ்திவாரம் தோண்டட்டும், யார் வேண்டாம் என்றது? நாலு குச்சி ஊன்றி ஒரு கயிறு கட்டிவிட்டு நாலு வாரம் தள்ளிப்போடுவதில் யாருக்கு என்ன நஷ்டம்?

அந்த ஜோடி மறுபடியும் ஈடு வைத்திருக்கிறது. இந்தத் தடவை மனைகளின் மேற்குக் கோடியில், சரளை கொட்டிய பாதை ஓரமாக. கிருத்திகைக் கூட்டத்துக்கு வரும் வேன்களையும் கார்களையும் வழக்கமாக நிறுத்துகிற இடம் அது. கயிறு கட்டிச் சிவப்புத் துணியும் தொங்கவிட்டிருக்கிறேன். வண்டி ஓட்டி வருகிறவர்களே, உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், அந்தக் கயிற்றை அவிழ்க்காதீர்கள். கிழக்கே எவ்வளவோ இடம் கிடக்கிறது, அங்கே நிறுத்துங்கள்.