எழுபது வருஷத்து நம்பிக்கை

எரேமியா 29:11 எங்கள் எல்லாருக்கும் பிடிச்ச வசனம். ஆனா அதுக்கு முந்தின 10ஆம் வசனத்தை ஆரும் ஸ்டேட்டஸில போடுறதில்லை. அங்கதான் 70 வருஷம் எண்டு இருக்கு.

கி.மு. 597இல் பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்ட யூதர்களுக்கு எழுதின கடிதம் அது. அந்த நேரம் இரண்டே வருஷத்தில் எல்லாம் சரிவரும் எண்டு அனனியா சொல்லிக்கொண்டு திரிந்தான். கேட்க நல்லாத்தான் இருந்தது. எரேமியாவோ, அங்கேயே வீடு கட்டுங்கோ, தோட்டம் வையுங்கோ, பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வையுங்கோ எண்டார்.

கி.மு. 538இல் கோரேஸ் ராஜா திரும்பிப் போக விட்டபோது, அந்தக் கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பலர் உயிரோடு இல்லை. அப்ப வாக்குத்தத்தம் பொய்யா? இல்லை. அவர்களின் பேரப்பிள்ளைகள்தான் எருசலேமுக்குப் போய் ஆலயத்தைத் திரும்பக் கட்டினார்கள்.

கடவுளின் நோக்கம் எங்கட ஆயுளைவிட நீளம். முடிவைப் பார்க்கக் கிடைக்காட்டியும் இண்டைக்குச் செய்யவேண்டியதைச் செய்யிறதுதான் நம்பிக்கை.