நாலு சில்லும் நானும்



இந்தப் பக்கத்தில் வழமையாகத் தையலையும் வீட்டுக் கணக்கையும் பற்றித்தான் எழுதுவேன். இம்முறை வாகனம். காரணம் நீங்கள்தான். விசுவமடுவில் நடந்த ஒரு கூட்டத்துக்கு என் ஸ்கூட்டரில் போய் இறங்கினேன். ஏழெட்டுப் பேர் கூட்டத்தை விட்டுவிட்டு அதைச் சுற்றி நின்றுவிட்டார்கள். "என்ன விலை? சைட் சில்லு எங்கே பூட்டினீங்கள்? பொய்க்காலோடை ஓடலாமோ?" நின்றபடியே சொல்லி முடிக்கிற கதையில்லை இது. அதனால் எழுதுகிறேன்.

2009 தை மாதக் கடைசியில், உடையார்கட்டில், என் இடது கால் முழங்காலுக்குக் கீழே போனது. அதைப் பற்றி இங்கே கூட எழுதப் போவதில்லை. பொய்க்கால் போட்டு நடக்கிறேன். ஆனால் தைத்த உடுப்புகளைக் கிளிநொச்சிக்குக் கொண்டுபோக ஆட்டோ பிடித்தால் அன்றைய உழைப்பில் பாதி போய்விடும். அண்ணாவின் மோட்டார் சைக்கிளில் போவதென்றால் அவருக்கு நேரம் வரும்வரை காத்திருக்க வேண்டும். அவர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டியிருக்கிறதே, அதுதான் பாரம்.

நான் வாகனம் வாங்கப் போகிறேன் என்றதும் கனடாவிலிருக்கும் அண்ணாவின் மகன் தொலைபேசியில் ஒரு படம் அனுப்பினான். குவாட் பைக். நாலு தடித்த ரயர், பார்க்கச் சிங்கம் மாதிரி. "மாமி, இது விழவே விழாது, காசு நான் தாறன்" என்றான். எனக்கும் ஒரு கணம் ஆசை வந்தது, ஒளிப்பானேன். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டேன். கியர் எங்கே? இடது காலில். எத்தனை பேர் இருக்கலாம்? ஓட்டுபவர் மட்டும். அந்த ஸ்போர்ட் வகை, மணலிலும் காட்டுப் பாதையிலும் பாய்ந்து ஓடச் செய்தது. பின் சில்லுகள் இரண்டும் ஒரே இரும்புத் தண்டில் ஒன்றாகச் சுற்றுவதால் தார் வீதியில் திரும்ப முரண்டு பிடிக்கும். தார் வீதியில் ஓட்டாதீர்கள் என்று செய்கிற கம்பனிகளே எழுதி வைக்கின்றன. வளைவில் ஓட்டுபவர் உடம்பை உள்பக்கம் சரித்து, காலை ஊன்றிச் சமாளிக்க வேண்டும். தவறினால் கவிழும். பெரியவர்கள் ஓடுகிறது 150 கிலோவுக்கும் மேல். "விழவே விழாது" என்ற கதை அதோடு சரி. பிள்ளை நல்ல மனத்தோடு சொன்னான், குறை சொல்லவில்லை.

எனக்குத் தேவைப்பட்டது கியர் இல்லாத, இரண்டு பிறேக்கும் கையில் இருக்கிற, பொய்க்காலைத் தூக்கி வைக்கத் தட்டையான இடமுள்ள ஒன்று. அது ஸ்கூட்டர்தான். எந்த அளவு என்பதில் கொஞ்சம் குழம்பினேன். ஸ்கூட்டி பெப் 90 சிசிக்கும் உள்ளே. பாரம் குறைவு, கைக்கு அடங்கும். ஆனால் இரண்டு சில்லும் இரும்புச் சட்டமும் பூட்டி, பின்னுக்கு மகளும் துணி மூட்டையும் ஏறினால் சின்ன இயந்திரம் இழுக்கக் கஷ்டப்படும் என்றார் மெக்கானிக். ஆகவே 110 சிசி அளவில் தேடினேன். 2020 பங்குனியில் வாகன இறக்குமதியை நிறுத்தியிருந்தார்கள். நான் தேடியது 2024இல். பழையதற்கும் புதியதின் விலை சொன்ன காலம் அது.

முதலில் பார்த்தது நல்ல சிவப்பு நிறம். விற்பவர் கேட்ட விலையும் நியாயம். ஆனால் அவர் முழுக்க முழுக்க அண்ணாவோடுதான் கதைத்தார். நான் பக்கத்தில் நிற்கிற மூட்டை மாதிரி. பதிவுப் புத்தகத்தைக் கேட்டேன். "அது வீட்டிலை இருக்கு அக்கா, முதல் காசைத் தாங்கோ" என்றார். தராமல் திரும்பினேன். இரண்டாம் நாள் போட்டோப் பிரதி ஒன்று காட்டினார். உரிமையாளர் வேறு ஒருவர், அவருக்கும் மேலே ஒரு லீசிங் கம்பனியின் பெயர். கடன் கட்டி முடியாத வண்டி. கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுப் படிவத்தோடு நாலு கை மாறியிருக்கிறது. அதை வாங்கியிருந்தால் ஒருநாள் படலையில் ஆட்கள் வந்து நின்று தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். என் காசுக்குப் பதில் சொல்ல யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

இரண்டாவது, பரந்தனில் ஓர் ஆசிரியையிடம். புத்தகம் அவருடைய பெயரிலேயே இருந்தது. அடிச்சட்டத்தில் பொறித்த இலக்கத்தையும் இயந்திர இலக்கத்தையும் புத்தகத்தோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டேன். போனதும் இயந்திரத்தைத் தொட்டுப் பார்த்தேன், குளிர்ந்திருந்தது. முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கி வைத்திருந்தால் காலையில் மக்கர் பண்ணுவது தெரியாது. சுவிட்சில் ஐந்து முறை போட்டுப் பார்த்தேன். மற்றவர்களுக்கு அது வசதி, எனக்கு அது கட்டாயம். பொய்க்காலை ஊன்றிக்கொண்டு மற்றக் காலால் உதைக்க முடியாது. நீலப் புகை வரவில்லை. வந்தால் ஒயில் எரிகிறது என்று அர்த்தம். ரயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டும் கிழமை, கடைசி இரண்டும் வருடம். 1417 என்றிருந்தது, 2017இன் பதினாலாம் கிழமை. பூ தேயாவிட்டாலும் ஏழு வருட ரப்பர் வெடிக்கும். அதைச் சொல்லி 10,000 குறைத்தேன். 3 இலட்சத்து 35 ஆயிரத்துக்கு முடிந்தது.

காசு எப்படி என்று கேட்பீர்கள். லீசிங்காரர் 2 இலட்சம் தருவதாகச் சொன்னார்கள். மாதம் 9,200 ரூபா, 36 மாதம். வீட்டுக்கு வந்து பெருக்கிப் பார்த்தேன், 3 இலட்சத்து 31 ஆயிரத்து 200. நான் கட்டி முடிக்கும்வரை வண்டி அவர்களுடைய பெயரில். வேண்டாம் என்றேன். சீட்டுக்காசு 2 இலட்சம், நாகு மாட்டை விற்ற 1 இலட்சத்து 10 ஆயிரம், எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் 1 இலட்சம் கடன். மாட்டை ஏற்றிய அன்று மகள் சாப்பிடவில்லை.

சைட் சில்லுக்கு 68,000. இதில்தான் மிகக் கவனம் வேண்டும். பிளாஸ்டிக் உடம்பில் பிடிக்கப்படாது, அடிச்சட்டத்தில்தான் பிடிக்க வேண்டும். உயரம் சரியில்லாவிட்டால் குழி விழுந்த கிறவல் வீதியில் இரண்டு சில்லும் மேட்டில் நிற்க, நடுச்சில்லு அந்தரத்தில் சுற்றிக்கொண்டு நிற்கும். எனக்கு அப்படி ஒரு முறை நடந்தது, மழைக்குள். பிறகு மெக்கானிக் தம்பி சில்லுகளுக்குச் சொக் அப்சோபர் வைத்துத் தந்தார். அந்தச் சில்லுகளில் பிறேக் இல்லை என்பதையும் மறக்காதீர்கள். பாரம் கூடியிருக்கிறது, நிற்க இடம் கூட வேண்டும்.

பூட்டுவதற்கு முதலே மாவட்டச் செயலகத்தில் மோட்டார் போக்குவரத்துப் பகுதியில் போய்க் கேட்டேன். பூட்டிவிட்டுப் போனால் அவர்கள் ஏற்காமல் விடலாம். சாரதி அனுமதிப்பத்திரத்துக்கான மருத்துவப் பரிசோதனையில் பொய்க்காலைக் கழற்றிக் காட்டினேன். மறைத்து எடுத்த அனுமதிப்பத்திரம் விபத்து நேரத்தில் உதவாது. காப்புறுதிக்காரருக்கும் சில்லு பூட்டியதை எழுதிக் கொடுத்தேன்.

ஓடப் பழகியது வேறு கதை. பாடசாலைக் காலத்தில் சைக்கிள் ஓடிய உடம்பு வளைவில் தானாகச் சரியப் பார்க்கிறது. வண்டி சரியாது. நாலு சில்லும் நிலத்தில் நிற்கிறது. ஹான்டிலைத் திருப்பினால்தான் திரும்பும். வேகமாகத் திருப்பினால் உள்பக்கம் தூக்கும். வீதிக்கரை சரிவில் இடது பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். கோயில் வெளியில் மூன்று கிழமை பழகினேன். ஒருநாள் நேரே வேலிக்குள் போய்விட்டேன். கிளுவங்கதியால் முறிந்ததுதான் சேதம், வேலிக்காரர் இன்னும் சொல்லிச் சிரிப்பார்.

முழங்காலுக்கு மேலே இழந்தவர்களுக்கும், ஒரு கை இல்லாதவர்களுக்கும் நான் சொன்ன எல்லாம் பொருந்தாது. எதையும் வாங்க முதல் நிறுத்தி வைத்த வண்டியில் அரை மணித்தியாலம் ஏறி இருந்து பாருங்கள். எங்கே நோகிறது என்று உடம்பு சொல்லும்.

சங்கக் கடனில் இன்னும் நாலு தவணை பாக்கி. போன வியாழன் அண்ணாவுக்குக் காய்ச்சல். கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு நான்தான் ஏற்றிக்கொண்டு போனேன். பின்னாலிருந்து, "மெதுவாப் போ பிள்ளை, மெதுவாப் போ" என்று பரந்தன் சந்தி மட்டும் சொல்லிக்கொண்டே வந்தார்.