மறுபடி தேர்வெழுதும் நர்சுக்கு நேரம் கொடுப்பது யார்?

அமெரிக்காவில் நர்ஸ் வேலைக்கு உரிமம் தரும் என்க்ளெக்ஸ் தேர்வில் நம் வீட்டுப் பெண் ஒருத்தி தவறிவிட்டால் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "ஒழுங்காகப் படித்தாயா?" நாம் கேட்பது வேறு கேள்வி. படிக்க அந்தப் பெண்ணுக்கு நேரம் கொடுத்தது யார்?

நம் நாட்டில் நர்சிங் படித்துத் தேறியவர் மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்துகொண்டு வேலைக்குப் போகலாம். அமெரிக்காவில் படிப்பு மட்டும் போதாது, இந்தத் தேர்விலும் தேற வேண்டும். கம்ப்யூட்டரில் ஐந்து மணி நேரம். குறைந்தது 85 கேள்விகள், அதிகபட்சம் 150. நாம் சொல்லும் பதிலைப் பொறுத்தே அடுத்த கேள்வி கடினமாகவோ எளிதாகவோ வரும். நோயாளியின் நிலையைப் படிப்படியாகச் சொல்லி, "இப்போது முதலில் என்ன செய்வாய்?" என்று கேட்கும் பகுதியும் 2023 ஏப்ரல் முதல் சேர்ந்திருக்கிறது. இதற்கு மனப்பாடம் போதாது. தூங்கி எழுந்த தெளிந்த தலை வேண்டும். தவறியவர் 45 நாள் காத்திருக்க வேண்டும். மறுபடி 200 டாலர் கட்ட வேண்டும். அமெரிக்காவுக்கு வெளியே எழுதுவதற்கு இன்னும் 150 டாலர். மொத்தம் ஏறக்குறைய 30,000 ரூபாய்.

கணக்குப் போடுவது குமாஸ்தாவின் தொழில், போட்டுப் பார்ப்போம். டியூட்டி எட்டு மணி நேரம் என்பார்கள்; வார்டை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்ப ஒன்பதாகிறது. பஸ்ஸும் மெட்ரோவும் இரண்டு. தூக்கம் ஏழு. சமையலும் துணி துவைப்பதும் மூன்று. மிச்சம் மூன்றே மணி. நாற்பத்தைந்து நாளுக்கு 135 மணி நேரம். நடுவில் ஒரு வாரம் நைட் டியூட்டி விழுந்தால் அதிலும் ஒரு பகுதி போயிற்று. இதற்குப் பெயர் சோம்பலா?

"வேலையை விட்டுப் போகிறவளுக்கு நாங்கள் ஏன் சலுகை தர வேண்டும்?" என்று சில தனியார் மருத்துவமனை நிர்வாகங்கள் கேட்கின்றன. ஏன் போகிறார்கள் என்பதை முதலில் அவர்கள் சொல்லட்டும். 2016இல் உச்ச நீதிமன்றம் சொன்னதன் பேரில் அமைந்த நிபுணர் குழு, 200 படுக்கைக்கு மேற்பட்ட தனியார் மருத்துவமனைகள் அரசு நர்சுக்கு இணையான சம்பளம் தர வேண்டும் என்றது. 50 படுக்கைக்குக் குறைந்த இடத்திலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றது. அதை நடைமுறைப்படுத்த டெல்லி அரசு 2018இல் உத்தரவு போட்டது. எதிர்த்து வழக்குப் போட்டவர்கள் யார்? மருத்துவமனை உரிமையாளர்கள்! 2019இல் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவு செல்லும் என்றது. சம்பளத்துக்கே கோர்ட்டு வரை இழுத்தவர்கள் விசுவாசத்தைப் பற்றிப் பேசலாமா?

ரயில்வேயில் நாங்கள் கட்டாயத் துறைத் தேர்வு எழுதப் போனால் அந்த நாள் டியூட்டி நாளாகவே கணக்கில் ஏறும். படிப்பு விடுப்புக்கும் விதி இருக்கிறது. இவை யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்தவை அல்ல. சங்கமாய் நின்று காப்பாற்றி வருபவை. உயிர் காக்கும் நர்சுக்கு மட்டும் இது ஏன் கிடையாது?

நம் வீடுகளையும் விட்டுவிட முடியாது. இரவெல்லாம் வார்டில் நின்றுவிட்டுக் காலையில் வருகிற பெண்ணிடம், "காபி போடு" என்று சொல்கிற ஆண்கள் நம்மிடையே இல்லையா? அமெரிக்கச் சம்பளம் வேண்டும், ஆனால் அடுப்பையும் அவளே பற்ற வைக்க வேண்டும் என்றால் அது எந்த ஊர் நியாயம்? தஞ்சாவூரையும் திருநெல்வேலியையும் விட்டுப் பிழைப்புக்காக டெல்லிக்கு ரயிலேறி வந்த நமக்கு, இன்னும் தூரம் போக நினைக்கும் பெண்ணைக் குறை சொல்லும் உரிமையும் கிடையாது.

ஆகவே மூன்று காரியங்கள் செய்வோம்.

ஒன்று: தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரம் நைட் டியூட்டி வேண்டாம், தேர்வு நாளும் அதற்கு முதல் நாளும் விடுப்பு வேண்டும் என்று அங்கங்கே உள்ள நர்சுகள் சேர்ந்து கையெழுத்திட்டு மனுக் கொடுக்கட்டும். தனியாகக் கேட்டால் அது கெஞ்சல். சேர்ந்து கேட்டால்தான் கோரிக்கை.

இரண்டு: இந்த மந்திர் மார்க்கில் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி இருக்கிறது. 'மதராசி' என்ற பெயரோடு தொடங்கி நம் முன்னோர் வளர்த்த கழகம் அது. பள்ளி விட்ட பிறகு மாலையில் ஒரு வகுப்பறை தரும்படி கேட்போம். தேர்வில் தவறியவருக்கு எந்தப் பகுதியில் குறைந்தார் என்று அறிக்கை வரும். அதை வெட்கப்பட்டு ஒளிக்காமல் கொண்டு வாருங்கள். மருந்துப் பகுதியில் வலுவானவர் அதில் தவறியவருக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். "நிச்சயம் பாஸ்" என்று ஆயிரக்கணக்கில் பிடுங்கும் கோச்சிங் கடைகளை நம்பி எத்தனை நாள் ஏமாறுவது?

மூன்று: மறுதேர்வுக் கட்டணத்துக்கு வட்டியில்லாக் கைமாற்று நிதி. குடும்பத்துக்கு மாதம் 100 ரூபாய் போட்டால் 300 குடும்பங்கள் சேர்ந்து மாதம் ஒரு பெண்ணைத் தேர்வுக்கு அனுப்பலாம்.

நேரத்தை யாரும் தானாகத் தர மாட்டார்கள். நிர்வாகத்திடம் கேட்டு வாங்குவோம். வீட்டில் நாமே கொடுப்போம். இன்று மாலையே அடுப்படிக்குள் போங்கள், ஆண்மக்களே!