வாயுள்ள பிள்ளைக்கே பொலோன்யா

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி இத்தாலியைப் பற்றித்தான். மகனுக்கு மிலானில் இடம் கிடைத்திருக்கிறது, மகளுக்குப் பதுவாவில் கிடைத்திருக்கிறது, அங்கே படித்தவர் நீங்கள், கொஞ்சம் சொல்லுங்களேன் என்பார்கள். சாப்பாடு கிடைக்குமா, குளிர் தாங்குமா, பார்ட் டைம் வேலை உண்டா என்று கேட்பார்கள். அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள் எல்லாம் வங்கதேசத்துக்காரர்கள் நடத்தும் கடைகளில் கிடைக்கும். குளிருக்கு நல்ல கோட் ஒன்றை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். மாணவர் அனுமதியில் வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை பார்க்கலாம். அந்த ஊரில் படிப்பு எப்படி நடக்கிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. பிள்ளைகள் திணறுவது அங்கேதான்.

நான் முதுகலை படித்தது பொலோன்யாவில். 1088ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகச் சொல்லும் பல்கலைக்கழகம் அது, ஐரோப்பாவிலேயே பழையது. அரசனோ போப்போ கட்டளையிட்டு எழுப்பியதல்ல. சட்டம் படிக்க வெளிநாடுகளிலிருந்து வந்த மாணவர்கள் சங்கமாகச் சேர்ந்து உருவாக்கியது. ஆசிரியர்களை அமர்த்தியதும் சம்பளம் கொடுத்ததும் மாணவர்கள்தான். பாடம் தாமதமாகத் தொடங்கினால் ஆசிரியருக்கு அபராதம்கூடப் போட்டிருக்கிறார்கள். அந்த அதிகாரமெல்லாம் எப்போதோ போய்விட்டது. ஆசிரியரின் முகத்தைப் பார்த்துப் பேசும் வழக்கம் போகவில்லை.

தேர்வில் அதைப் பார்க்கலாம். இத்தாலியில் பெரும்பாலான பாடங்களுக்கு வாய்மொழித் தேர்வு உண்டு. ஆங்கிலவழிப் படிப்புகளிலும் அப்படித்தான். 16 மார்க் கேள்விக்குப் பக்கம் பக்கமாக எழுதி, அடிக்கோடிட்டு, படம் போட்டுப் பழகிய நம் பிள்ளை அங்கே ஒரு மேசைக்கு முன்னால் உட்கார வேண்டும். எதிரே பேராசிரியர், பக்கத்தில் அவருடைய உதவியாளர். முதல் கேள்வி பலமுறை இப்படித்தான் வரும்: “உங்களுக்குப் பிடித்த ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு பேசுங்கள்.” கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் பிடித்தது எது என்று இதுவரை யாரும் கேட்டிராத பிள்ளைக்கு அங்கேயே நா உலர்ந்துவிடும். சமாளித்து, மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கத் தொடங்கினால், இரண்டாவது வாக்கியத்திலேயே பேராசிரியர் கையை உயர்த்துவார். “சரி, ஏன் அப்படி?” அந்த ‘ஏன்’ வந்த பிறகுதான் உண்மையான தேர்வு ஆரம்பிக்கும். புத்தகத்தில் இல்லாததைச் சொன்னாலும் காரணத்தோடு சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எதுவும் செய்ய முடியாது.

முப்பதுக்கு மதிப்பெண், 18 எடுத்தால் தேர்ச்சி. ஒரே பாடத்துக்கு ஆண்டில் பல தேதிகளில் தேர்வு நடக்கும், நமக்கு வசதியான தேதியில் பெயர் கொடுக்கலாம். கிடைத்த மதிப்பெண் போதாது என்று தோன்றினால், வேண்டாம் என்று அங்கேயே சொல்லிவிட்டு, மறுபடி படித்து வரலாம். 22ஐ மறுத்துவிட்டு 28 வாங்கிய இத்தாலிய மாணவர்கள் என் வகுப்பில் இருந்தார்கள். நம்மவர்கள் மறுக்கவே பயப்படுவார்கள், ஆசிரியர் கோபித்துக்கொள்வாரோ என்று. யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், ஏஜென்ட் யாரும் இதைச் சொல்லமாட்டார். இந்த வாய்மொழித் தேர்வு பொதுவில் நடப்பது. அறைக் கதவு திறந்திருக்கும், அடுத்தவர் தேர்வை யார் வேண்டுமானாலும் உள்ளே உட்கார்ந்து கேட்கலாம். நம் முறைக்கு முந்தைய தேதியில் போய் பின்வரிசையில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்தால் போதும். பேராசிரியர் எங்கே குறுக்கிடுகிறார், எந்தப் பதிலுக்குத் தலையாட்டுகிறார், எதற்கு முகம் சுளிக்கிறார் என்று எல்லாம் தெரிந்துவிடும். ஒவ்வொரு பேராசிரியரும் வாரத்தில் சில மணி நேரத்தை மாணவரைச் சந்திப்பதற்காகவே ஒதுக்கியிருப்பார். அதற்கும் போக வேண்டும். சந்தேகமே இல்லையென்றாலும் போக வேண்டும். ஆய்வேட்டுக்கு வழிகாட்டி தேடும் காலத்தில் அவருக்கு நம் முகம் தெரிந்திருப்பது பெரிய பலம்.

பேசிப் பழக வகுப்பறை மட்டும் போதாது, ஊரும் வேண்டும். படிப்பு ஆங்கிலத்தில்தானே, இத்தாலியம் எதற்கு என்று நினைப்பவர்கள் இரண்டு ஆண்டுகளையும் லேப்டாப் முன்னால் கழித்துவிட்டு வருவார்கள். தமிழ்ப் பிள்ளைகள் நாலைந்து பேர் சேர்ந்து வீடெடுத்து, குக்கர் வைத்து, இரவெல்லாம் தமிழ்ப்படம் பார்ப்பதில் தவறில்லை. காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துத் தர நம்மவர்தான் வருவார். ஆனால் முதல் ஆண்டிலாவது இத்தாலியப் பிள்ளைகளோடு ஒரே வீட்டில் அறை எடுத்துத் தங்குவது நல்லது. குப்பை பிரிப்பதில் வரும் சண்டையிலும், பாஸ்தா தண்ணீருக்கு எவ்வளவு உப்பு என்ற விவாதத்திலும் கற்கும் மொழி எந்தக் கோர்ஸிலும் கிடைக்காது. பல்கலைக்கழக மொழி மையத்தின் வகுப்பில் இலக்கணத்தைக் கற்றுக்கொள்ளலாம். நாக்குப் பழக பார் கவுண்டரில் நின்றபடி ஒரு காபி குடிக்க வேண்டும். தினமும் அதே பாருக்குப் போனால் ஒரு மாதத்தில் காபி போடுபவரே கேட்கத் தொடங்கிவிடுவார், பரீட்சை என்னாயிற்று என்று.

பொலோன்யாவில் வெளியே போகாமல் இருப்பதற்கு மழையைக்கூடச் சாக்குச் சொல்ல முடியாது. நகரம் முழுவதும் வீடுகளின் மேல்தளத்தைத் தூண்கள் தாங்கும் நடைபாதைகள், சுமார் 62 கிலோமீட்டர். புதிதாகக் கட்டும் எந்த வீடும் இப்படி நடைபாதை விட்டே கட்டப்பட வேண்டும் என்று 1288இலேயே நகரச் சட்டம் வந்துவிட்டது. 2021இல் யுனெஸ்கோ இவற்றை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அவற்றில் ஒன்று 666 வளைவுகளோடு குன்றின் மேலுள்ள சான் லூக்கா கோவில் வரை ஏறிப் போகிறது. தேர்வுக்கு முந்தைய மாலைகளில் பிள்ளைகள் இருவர் இருவராகப் பாடத்தைச் சொல்லிப் பார்த்தபடி அதில் ஏறுவார்கள். நகர மையத்திலுள்ள சாலா போர்சா நூலகத்துக்குக் காசில்லாமல் போகலாம். நடுக்கூடத்தின் கண்ணாடித் தரை வழியே ரோமானியர் காலக் கட்டடங்களின் எச்சம் கீழே தெரியும். கோடைக்காலத்தில் பியாத்சா மஜ்ஜோரே சதுக்கத்தில் பெரிய திரை கட்டி இலவசமாகப் படம் போடுவார்கள். நம் சென்னை ஜெமினி ஸ்டுடியோவில் நடனக் கலைஞர் உதயசங்கர் எடுத்த ‘கல்பனா’ (1948) படம் இந்த ஊர்ச் சினிமாக் காப்பகத்தின் ஆய்வகத்தில்தான் சீரமைக்கப்பட்டது. அந்தத் தகவலை ஒரு வகுப்புத் தோழியிடம் சொன்னபோது அன்று முழுவதும் எங்களுக்குப் பேச விஷயம் கிடைத்தது.

அந்நிய மண்ணில் அவ்வூர் மொழியோடு வாழ்ந்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு நாம் வேறெங்கும் தேட வேண்டியதில்லை. வீரமாமுனிவர் என்று நாம் கொண்டாடும் பெஸ்கி, சேசு சபைப் பயிற்சியில் ரவென்னாவிலும் பொலோன்யாவிலும் படித்தவர். 1710இல் கோவா வந்து இறங்கித் தமிழ்நாட்டை அடைந்தவர், தேம்பாவணி எழுதினார், 1732இல் சதுரகராதி தொகுத்தார். அதே 1732இல்தான் பொலோன்யாவில் லாரா பாஸி என்ற இளம்பெண் அறிஞர் பெருமக்கள் முன் வாய்மொழியாக வாதிட்டுப் பட்டம் பெற்று, பல்கலைக்கழக ஆசிரியரானார். ஊரே திரண்டு பார்த்தது.

காகித வேலைகளையும் சொல்லிவிட வேண்டும், அதில் அசட்டையாக இருந்தால் மற்றதெல்லாம் வீண். போய் இறங்கி எட்டு வேலை நாட்களுக்குள் தபால் நிலையத்தில் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். மாநில உதவித்தொகை குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கிடைப்பது; அதற்கான சான்றிதழ்களை மொழிபெயர்த்து, முத்திரை வாங்கி, ஊரிலிருந்து கிளம்பும் முன்பே தயார் செய்துகொள்ளுங்கள். குறிப்பிட்ட அளவு தேர்வுகளை முடிக்காவிட்டால் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும். நேரில் பார்க்காத வீட்டுக்கு முன்பணம் அனுப்பாதீர்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். விசா வந்த வாரமே பிள்ளையை ஓர் இத்தாலிய மொழி வகுப்பில் சேர்த்துவிடுங்கள். போன பிறகு வீடியோ காலில் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்பீர்கள், கேளுங்கள். கூடவே, இன்றைக்கு அந்த ஊர்க்காரர் யாரிடம் பேசினாய் என்றும் கேளுங்கள்.