பிறர் நூலும் நம் பிள்ளைகளும்



உத்திரமேரூரை அடுத்த சிற்றூர் ஒன்றில், ஒரு ஞாயிறன்று திருப்பலி முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த வேளை. கோயிலுக்கு வெளியே வேப்பமர நிழலில் நின்றிருந்த நம்மை ஒரு தாய் அணுகினார். அவருக்குப் பின்னால் பதினாறு வயது மதிக்கத்தக்க மகள், கையில் ஒரு குறிப்பேட்டுடன், தலை கவிழ்ந்து நின்றாள்.

“ஐயா, நீங்கள் பத்திரிகையில் எழுதுகிறவர் என்று சொன்னார்கள். எனக்கு ஒரு நியாயம் சொல்லுங்கள். பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டியாம். சிலப்பதிகாரத்தைப் பற்றி இவள்தான் பேசவேண்டும் என்று தமிழம்மா பெயர் கொடுத்துவிட்டார்கள். நாங்கள் வேதக்காரர்கள். வேறு தெய்வங்கள் வருகிற கதையை எங்கள் வீட்டுப் பிள்ளை மேடையேறிப் புகழலாமா? வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மூன்று நாளாய் இவள் என்னோடு முகங்கொடுத்துப் பேசவில்லை.”

அந்தக் குறிப்பேட்டைப் படிக்கலாமா என்று பிள்ளையைக் கேட்டோம். தயங்கித் தந்தாள். படித்த பாடங்களைக் குறித்துத் தம் மனத்தில் தோன்றுவதை மாணவர் ஒவ்வொருவரும் எழுதவேண்டும் என்று தமிழாசிரியை இட்ட பணி அது. அங்கேயே திண்ணையில் அமர்ந்து படித்தோம்.

சிலப்பதிகாரத்துக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தாள். பாண்டியன் அவையில் சிலம்பை உடைத்து, உள்ளிருப்பது முத்தன்று, மாணிக்கம் என்று காட்டி நீதி கேட்ட கண்ணகி, அவளுக்கு நற்செய்தியில் வரும் ஓர் ஏழைக் கைம்பெண்ணை நினைவூட்டினாளாம். நேர்மையற்ற நடுவரிடம் சலியாது சென்று முறையிட்ட அக்கைம்பெண்ணின் உவமையை லூக்கா நற்செய்தியின் பதினெட்டாம் அதிகாரத்தில் நாம் வாசித்திருக்கிறோம். தன் தீர்ப்புத் தவறென்று அறிந்ததும் உயிர்விட்ட மன்னனின் மனச்சான்றையும் பாராட்டியிருந்தாள். அதனோடு அவள் நிற்கவில்லை. மதுரை எரிந்ததை மட்டும் தன்னால் ஏற்க இயலவில்லை என்று எழுதியிருந்தாள். முதியோரையும் குழந்தைகளையும் விட்டுவிடும்படி தீயிடம் கண்ணகி சொன்னதை அவள் மறக்கவில்லை. ஆயினும் ஊர் எரியும்போது ஏழையின் குடிசை தப்புமா என்று கேட்டிருந்தாள். சிலுவையில் தொங்கியபடியே பகைவருக்காக மன்றாடியவரைத் தான் பின்பற்றுவதால், அந்த இடத்தில் கண்ணகியோடு நடக்கத் தன் கால்கள் மறுக்கின்றன என்று முடித்திருந்தாள்.

அடுத்த பக்கத்தில் உத்திரமேரூர்க் கல்வெட்டு. வகுப்பு மாணவரை வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு அழைத்துச் சென்று, முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் மண்டபச் சுவரில் வெட்டப்பட்ட எழுத்துக்களைக் காட்டியிருக்கிறார்கள். ஊரை 30 குடும்புகளாகப் பகுத்து, தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு ஓலை எடுக்கச் செய்து, வாரியங்களுக்கு ஆள் தேர்ந்த முறையை அக்கல்வெட்டு கூறுகிறது. சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது போனவரும் அவர்தம் உறவினரும் குடவோலைக்கு உரியவரல்லர். இவ்விதியைக் கேட்டபோது, கணக்கை ஒப்புவிக்கும்படி தலைவனால் அழைக்கப்பட்ட வீட்டுப் பொறுப்பாளனின் உவமை நினைவுக்கு வந்ததாக அவள் எழுதியிருந்தாள்.

அதன் கீழேதான் நம்மைச் சிந்திக்கவைத்த வரிகள் இருந்தன. குடவோலையில் பெயர் எழுதப்பெறக் கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது முப்பத்தைந்துக்கும் எழுபதுக்கும் இடைப்பட வேண்டும். வேத அறிவு வேண்டும். நிலம் அரைக்கால் வேலியாகக் குறைந்தாலும் வேதமும் அதன் விளக்கவுரையும் கற்றவராயின் இடமுண்டு. இவற்றையெல்லாம் வரிசையாகக் குறித்துவிட்டு அம்மாணவி எழுதுகிறாள்: “என் கொள்ளுப்பாட்டனார் பிறர் நிலத்தில் உழுத கூலியாள். அவர் அக்காலத்தில் வாழ்ந்திருந்தால் அவர் பெயரை ஓலையில் எழுதியிருக்க மாட்டார்கள். பெண்ணாகிய என் பெயரையும் எழுதியிருக்க மாட்டார்கள். இந்தச் சுவரைப் பார்த்தபோது எனக்குப் பெருமையும் வந்தது, வலியும் வந்தது. இரண்டையும் எழுதினால்தான் நான் பொய் எழுதாதவள் ஆவேன்.”

குறிப்பேட்டை மூடிவிட்டுச் சிறிது நேரம் பேசாதிருந்தோம். விசுவாசம் தளர்ந்த பிள்ளையா இவ்வாறு எழுதுவாள்?

ஆனால் அத்தாயின் அச்சத்தை நாம் எளிதாக எண்ணவில்லை. பெற்றோர் எத்தனையோ இடர்களுக்கு நடுவே காத்துவந்த விசுவாசத்தை மகளிடம் அப்படியே ஒப்படைக்க விரும்புகிறார். சிறுபான்மையாய் வாழும் குடும்பங்களுக்கு இவ்வச்சம் இயல்பு. நம் வாசகர்களுள்ளும் பலர் வாய்விட்டுக் கூறாமல் இதே கவலையை மனத்தில் சுமந்திருப்பர். ஆதலால் அவருக்குச் சொன்னதை இங்கும் எழுதுகிறோம்.

இந்தக் கேள்வி புதிதன்று. நான்காம் நூற்றாண்டிலேயே எழுந்தது. அக்காலத்துப் பள்ளிகளில் கிரேக்கரின் பழங்காவியங்களே பாடம். அவற்றில் அவர்தம் தெய்வங்களின் கதைகள் நிறைந்திருந்தன. கி.பி. 362-இல் உரோமைப் பேரரசன் ஜூலியன் ஓர் ஆணை பிறப்பித்தான். கிறிஸ்தவ ஆசிரியர் இந்நூல்களைக் கற்பிக்கலாகாது. அத்தெய்வங்களை நம்பாதவருக்கு அந்நூல்களில் என்ன உரிமை என்பது அவன் வாதம். ஜூலியன் கிறிஸ்தவ மறையைக் கைவிட்டு, அதை ஒடுக்க முனைந்தவன். திருச்சபைத் தந்தையர் இத்தடையைக் கண்டு மகிழவில்லை. நல்லதாயிற்று, நம் பிள்ளைகள் தப்பினர் என்று அவர்கள் கூறவில்லை. நசியான்சு நகரின் புனித கிரகோரியார் அதைப் பெருங்கொடுமை என்று கண்டித்தார். மறுஆண்டே ஜூலியன் போரில் மாண்டான், தடையும் நீங்கியது. பகைவன் நம்மீது சுமத்திய தடையை, அன்பின் பெயரால் நாமே நம் பிள்ளைகள்மீது சுமத்துவது முறையாகுமா?

அந்தக் கிரகோரியாரின் உயிர்த்தோழர் புனித பசிலியார். இருவரும் ஏதென்ஸ் நகரில் ஒருங்கே கற்றவர்கள். கிரேக்க இலக்கியத்தால் பயன் பெறுவது எவ்வாறு என்று இளைஞருக்காகவே பசிலியார் ஓர் உரை வரைந்தார். அதில் தேனீயை எடுத்துக்காட்டுகிறார். தேனீ எல்லாப் பூவிலும் அமர்வதில்லை. அமர்ந்த பூவை முழுவதுமாகத் தூக்கிச் செல்வதுமில்லை. தனக்கு வேண்டுவதை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறது. பூவுக்குப் பயந்து கூட்டிலேயே கிடக்கும் தேனீயால் யாருக்குப் பயன்?

பசிலியாருக்கும் முன்னரே புனித பவுலடியார் இதைச் செய்து காட்டியிருக்கிறார். ஏதென்ஸ் மக்களிடம் பேசியபோது, அவர்களுடைய கவிஞர்களின் சொற்களையே எடுத்தாண்டு இறைவனைப் பற்றி விளக்கினார் என்பதைத் திருத்தூதர் பணி பதினேழாம் அதிகாரத்தில் காண்கிறோம். படியாதவர் எடுத்தாள முடியாது.

தமிழகத்துக்கு வருவோம். இத்தாலியில் 1680-இல் பிறந்த வீரமாமுனிவர் இங்கு வந்து தமிழின் பேரிலக்கியங்களை ஒரு மாணவரைப் போல் கற்றார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தார். புனித சூசையப்பரைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்டு 3,615 பாடல்களில் தேம்பாவணியை இயற்றினார். முன்னோர் காவியங்களை அவர் தொடாதிருந்தால் தேம்பாவணி ஏது?

ஈழத்து ஊர்காவற்றுறைப் பகுதியில் 1913-இல் பிறந்த தனிநாயகம் அடிகளார், உரோமையில் பயின்று 1938-இல் குருப்பட்டம் பெற்றவர். நெல்லைச் சீமையின் வடக்கன்குளம் பள்ளியில் பணியாற்றிய நாள்களில்தான் அவர் தமிழ் இலக்கியத்தை ஆழ்ந்து கற்கத் தொடங்கினார். குருவான பின்னும் மாணவராக அமர்வதற்கு அவர் நாணவில்லை. பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து சங்க இலக்கியத்தை ஆராய்ந்தார். 1966-இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடியதற்கு அவர் உழைப்பே பெருங்காரணம். 1980-இல் இறக்கும்வரை அவர் குருவாகவே வாழ்ந்தார். குறளும் குறுந்தொகையும் அவர் நம்பிக்கையைக் குறைக்கவில்லை.

நம்மவர் மட்டுமன்று. சைவ மடத்துச் சூழலில் வளர்ந்த உ.வே. சாமிநாதையர், சீவக சிந்தாமணி என்னும் சமண காவியத்தைப் பதிப்பிக்க முற்பட்டபோது பல இடங்களில் பொருள் விளங்காமல் தவித்தார். கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களின் இல்லங்களுக்கே சென்று, அவர்தம் கோட்பாடுகளைக் கேட்டுத் தெளிந்தார். 1887-இல் நூல் வெளிவந்தது. அவர் சமணராகிவிடவில்லை. ஆனால் சமணர் நூலைச் சமணர் வாயிலாகவே அறியவேண்டும் என்னும் நேர்மை அவரிடம் இருந்தது.

சிலப்பதிகாரத்தையே பாருங்கள். அதை இயற்றிய இளங்கோவடிகளைச் சமணத் துறவி என்பர். அவரோ ஆய்ச்சியர் திருமாலைப் பாடுவதையும், வேட்டுவர் கொற்றவையைப் பரவுவதையும், குன்றக் குறவர் முருகனை வாழ்த்துவதையும் இகழாமல் கேட்டு எழுதியிருக்கிறார். பிறர் வழிபாட்டை மதிப்போடு நோக்குவது எப்படி என்பதற்கு அந்நூலே பாடமன்றோ? இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1965 அக்டோபர் 28-இல் வெளியிட்ட ஏட்டில், பிற சமயங்களில் காணும் உண்மையையும் தூய்மையையும் தள்ளாமல் மதிக்கவே நம்மைப் பணித்தது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பழைய நூல்களைப் பயிலும்போது நாம் வழுக்கி விழக்கூடிய பள்ளங்கள் இரண்டு. வள்ளுவர் நம்மவரே என்று எப்பாடுபட்டேனும் நிறுவ முனைவது ஒன்று. நம்மவராக இருந்தால்தான் ஒருவரை மதிப்போம் என்றால், அது மதிப்பாகாது. பழையது என்பதற்காகவே எல்லாவற்றையும் போற்றுவது மற்றொன்று. குடவோலையின் பெருமையை மேடைதோறும் முழங்குவோர், அந்தக் குடத்தில் யார் பெயர் விழவில்லை என்பதையும் கூற வேண்டும். ஊராட்சிகளில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடமும், தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகைக்கேற்ற இடமும் உறுதியாக, 1993-இல் நடப்புக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தின் 73-ஆம் திருத்தம் வரை காத்திருக்க நேர்ந்தது. பெருமையை மட்டும் சொன்னால் பாதி உண்மை. வலியை மட்டும் சொன்னாலும் பாதி உண்மை. இதைப் பதினாறு வயதுப் பிள்ளை தானே கண்டுகொண்டாள்.

இவ்வளவும் கேட்ட தாய், “படித்தவர்களுக்கு அது சரி ஐயா, சின்னப் பிள்ளை தடுமாறிவிட்டால்?” என்றார். நல்ல கேள்வி.

நாம் அவரிடம் திருப்பிக் கேட்டோம்: “அம்மா, கண்ணகியைப் படித்தபோது இவளுக்கு லூக்கா நற்செய்தியின் கைம்பெண் நினைவுக்கு வந்திருக்கிறாள். அக்கைம்பெண்ணை இவளுக்குக் காட்டியவர் யார்?”

தாய் சற்றே திகைத்தார். “நான்தான் ஐயா. இராச் செபமாலை முடிந்ததும் தினமும் ஓர் அதிகாரம் வாசிக்கச் சொல்வேன். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். இவள் வாசிப்பாள், நான் கேட்பேன்.”

“அப்படியானால் தடுமாறாதிருப்பதற்கு வேண்டியதை நீங்கள் முன்பே கொடுத்துவிட்டீர்கள்” என்றோம்.

குடும்பத்தினரே, நம் பிள்ளைகளுக்கு ஆபத்து சிலம்பிலும் குறளிலும் இல்லை. அலமாரியில் விவிலியம் திறக்கப்படாமல் கிடக்கும் வீட்டில்தான் ஆபத்து இருக்கிறது. தன் வீட்டில் விளக்கெரியும் பிள்ளை அயல் வீட்டு விளக்கைக் கண்டு வழி தவறுவதில்லை. பள்ளியில் ஒரு பழைய நூலைப் படித்துவிட்டு வரும் பிள்ளையிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். நூல் என்ன சொல்கிறது? அதில் உன் மனம் எதை ஏற்றது? எந்த இடத்தில் உன் மனம் நின்றுவிட்டது? முதற்கேள்விக்கு விடை கிடைக்குமுன் மற்ற இரண்டையும் கேட்காதீர்கள். நூல் சொல்வதை முழுவதும் கேட்காமல் தீர்ப்பிடுவது, பாண்டியன் செய்த பிழையையே நாமும் செய்வதாகும். பிள்ளை விடை சொல்லும்போது குறுக்கிடாமல் கேளுங்கள். உங்களுக்கே தெரியாத ஒன்றை அவள் சொல்லக்கூடும்.

நாம் விடைபெறும்போது அந்தத் தாய் மகளின் பக்கம் திரும்பினார். “போட்டிக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது. இன்று இராத்திரி செபம் முடிந்ததும் முதலில் எனக்குப் பேசிக் காட்டு. அந்தச் சிலம்புக் கதையை நான் முழுவதுமாகக் கேட்டதேயில்லை” என்றார்.

மூன்று நாள்களுக்குப் பின் முதன்முறையாக அப்பெண் தாயை ஏறிட்டுப் பார்த்தாள். பரிசு கிடைத்ததா என்று நாம் பின்னர் விசாரிக்கவில்லை.