விண்வெளி விளையாட்டு வீண்பொழுதா?

“கணிப்பொறி விளையாட்டைப் பற்றிக் கல்லூரி மலரில் எழுத என்ன இருக்கிறது?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. விடுதியில் இரவு இரண்டு மணி வரை விளக்கெரிவதற்குப் படிப்பு மட்டுமே காரணம் என்று நானும் சொல்ல மாட்டேன். சுடுவதும் சாவதும்தான் இவ்விளையாட்டுகள் என்ற எண்ணம் எனக்கும் இருந்தது. அதை மாற்றியது, கனடா நாட்டின் வான்கூவர் நகரில் இயங்கிய ரெலிக் நிறுவனம் உருவாக்கி 1999ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஹோம்வேர்ல்டு’. நான் பிறப்பதற்கு முன்பே வந்துவிட்ட அது, சென்ற ஆண்டுதான் என் கைக்குக் கிட்டியது.

கராக் என்னும் பாலைவனக் கோளில் வாழும் மக்கள், மணலில் புதையுண்ட பழைய விண்கலம் ஒன்றைக் காண்கிறார்கள். அதனுள் ஒரு கல். கல்லில் விண்வெளி வழிப்படமும் ‘ஹிகாரா’ என்ற ஒரே சொல்லும். ‘நம் வீடு’ என்பது அதன் பொருள். இது நம் மண்ணன்று என உணர்ந்தவர்கள், பல ஆண்டுகள் உழைத்துத் தாய்க்கலம் ஒன்றை ஆக்குகிறார்கள். வெள்ளோட்டம் முடிந்து திரும்பி வந்தால் கராக் தீப்பற்றி எரிகிறது! அங்கே போர்முரசு கேட்கவில்லை. அமெரிக்க இசையமைப்பாளர் சாமுவேல் பார்பரின் ‘அடேஜியோ’ மனிதக் குரல்களில் ஒலிக்கிறது. கேட்கும்போது எனக்கு ஒப்பாரிதான் நினைவுக்கு வந்தது.

அதற்கு முன் வந்த இத்தகைய போர் விளையாட்டுகள் பெரும்பாலும் தட்டையான தரையில் நடந்தவை. 1998இல் வந்த ‘ஸ்டார்கிராஃப்ட்’ கூட, விண்வெளிக் கதையானாலும், மேலிருந்து பார்க்கும் வரைபடம்தான். ஹோம்வேர்ல்டிலோ மேலும் இல்லை, கீழும் இல்லை. கலங்களை முன்னும் பின்னும் செலுத்துவது போலவே உயரத்திலும் ஆழத்திலும் செலுத்த வேண்டும். பகைவன் காலடியிலிருந்து வருவான். முதல் வாரம் எனக்குத் தலை சுற்றியது; பிறகு தரைப்போர் விளையாட்டுகள் சப்பென்று ஆகிவிட்டன.

ஆனால் என்னைக் கட்டிப்போட்டது இவை எதுவுமன்று. சதுரங்கத்தில் வெட்டுண்ட குதிரை அடுத்த ஆட்டத்தில் தன் கட்டத்துக்கு வந்துவிடும். இங்கே வராது. ஒரு கட்டத்தில் எஞ்சிய கலங்களோடுதான் அடுத்த கட்டத்துக்குச் செல்ல வேண்டும். இழந்தது இழந்ததுதான். ஆகவே, வென்றேனா என்பதைவிட எத்தனை பேரோடு வென்றேன் என்ற கேள்வி பெரிதாகிவிடுகிறது. பகைவரை அழிப்பதே குறி என்று தொடங்கியவன், சேதமுற்ற சிறு கலம் ஒன்றைத் திருப்பியழைக்கக் கால்மணி நேரம் போராடுகிறான். போர் விளையாட்டுக்கு இதைவிட நல்ல பண்பு வேறென்ன வேண்டும்?

எரியும் கராக்கின் அருகே, உறைதுயிலில் கிடக்கும் மக்களைக் கொண்ட ஆறு பேழைகளைக் காக்க வேண்டும். நான் ஒன்றை இழந்தேன். “சேமித்து வைத்த இடத்திலிருந்து மறுபடி ஆடு” என்றான் அறைத்தோழன். ஆடினேன். பகைவர் எங்கிருந்து வருவர் என்பது தெரிந்திருந்ததால் ஆறும் தப்பின. மகிழ்ச்சிதான் வரவில்லை, கடிகாரத்தைப் பார்த்தேன். மறுநாள் அந்த வெற்றியை அழித்துவிட்டு, ஐந்து பேழைகளோடு மேலே சென்றேன். அறைத்தோழன் இன்றும் இதைப் பைத்தியக்காரத்தனம் என்கிறான். ஒவ்வோர் இழப்பையும் அழித்து எழுதிக்கொண்டே போனால் இந்த ஆட்டத்தில் ஆடுவதற்கு ஒன்றுமே இராது என்பது என் கட்சி.

குறைகள் இல்லாமலில்லை. தொடக்கத்தில் ஊதாரியாக இருந்தவன் பின்கட்டங்களில் வழியின்றி நிற்பான். முதலிலிருந்து தொடங்குவதே கதி. தேர்வு நெருங்கும் மாணவனுக்கு இது கொடுமை. பகைவர் அழிந்த பின்னும், விண்கற்களிலிருந்து கனிமம் சேர்ந்து முடியும்வரை கைகட்டிக் காத்திருப்பதும் அலுப்பே. 2015இல் வந்த புதுப்பதிப்பில் எஞ்சிய கனிமம் தானே வந்து சேர்ந்துவிடுகிறது, நல்லதுதான். ஆனால் சிறு போர்க்கலங்களுக்கு எரிபொருள் தீரும் என்ற பழைய விதியையும் அதில் நீக்கிவிட்டார்கள். எவ்வளவு தூரம் அனுப்பலாம், திரும்ப இயலுமா என்ற கவலையும் அதோடு போயிற்று. நல்லவேளை, அத்தொகுப்பிலேயே பழைய பதிப்பும் இருக்கிறது. நான் ஆடுவது அதைத்தான்.

மொத்தம் பதினாறு கட்டங்கள். இப்போது பதினொன்றில் நிற்கிறேன். முதற்கட்டத்தில் கட்டிய வேவுக்கலங்களில் ஒன்றே ஒன்று இன்னும் என்னிடம் உள்ளது. வலிய கலங்கள் பல வந்துவிட்ட பிறகு அதனால் பயன் ஏதுமில்லை. இருந்தும் சண்டை தொடங்கியவுடன் அதைத் தாய்க்கலத்துக்குள் அழைத்துக்கொள்கிறேன்.