பேரப்பிள்ளையைப் பார்க்க நாமே போவோம்

சிப்காட் கம்பெனிகளில் ஷிப்டு பார்க்கும் பிள்ளைகளுக்குச் சேர்ந்தாற்போல் லீவு கிடைப்பது பொங்கலுக்குத்தான். "பேரப்பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வாங்க, சொந்தபந்தமெல்லாம் பார்க்கணும்னு சொல்றாங்க" என்று ஊரிலிருந்து போன் வந்துவிடும். பிறந்து முப்பது நாள்கூட ஆகாத குழந்தையோடு, விடியற்காலையில் ஓசூர் பேருந்து நிலையத்தில் இடம் பிடிக்க நிற்பார்கள்.

இது வேண்டாம் என்பது என் கருத்து. இரண்டு மாதமாவது ஆகும்வரை குழந்தை சொந்தக்காரர்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. ஆசை உள்ளவர்கள் போய்ப் பார்க்கட்டும்.

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தையில் காலைப் பனி எப்படி இருக்கும் என்று இங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டாம். குளிர்ந்தால் நம் உடம்பு நடுங்கிச் சூடு உண்டாக்கிக்கொள்ளும். பச்சைக் குழந்தைக்கு அந்த நடுக்கம் சரிவர வராது. ஆனாலும் குளிரைச் சமாளித்துவிடலாம். நாம் போடுவதைவிட ஒரு அடுக்குத் துணி கூடுதல், தலைக்குக் குல்லாய், முகம் மட்டும் திறந்திருக்க வேண்டும். கை கால் சில்லென்றிருப்பதை வைத்து முடிவு செய்யாமல், நெஞ்சைத் தொட்டுப் பாருங்கள். எல்லாவற்றையும்விடத் தாயின் நெஞ்சுச் சூடு பெரிது. 1970களின் கடைசியில், கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர் போதாதபோது, எட்கர் ரே, ஹெக்டர் மார்ட்டினஸ் என்ற இரு டாக்டர்கள் குறைமாதக் குழந்தைகளைத் தாயின் மார்போடு அணைத்து வைத்தே காப்பாற்றினார்கள்.

சமாளிக்க முடியாதது கூட்டம். கக்குவான் இருமலுக்கான முதல் தடுப்பூசியே ஆறாவது வாரத்தில்தான். அடுத்தவை 10, 14ஆம் வாரங்களில். தட்டம்மைக்கு ஒன்பது மாதம் முடிய வேண்டும். நமக்கு வெறும் சளியாக வந்து போவது குழந்தைக்கு மூச்சுத்திணறலில் கொண்டுபோய் விடலாம். பத்துக் கை மாறி, பத்துப் பேர் முத்தம் கொடுத்தால் எது யாரிடமிருந்து ஒட்டியது என்று தெரியுமா?

அந்தக் காலத்தில் தீட்டு என்று தாயையும் பிள்ளையையும் தனியே வைத்தார்கள். தீட்டு என்ற பேச்சை விட்டொழிப்போம். கூட்டத்திலிருந்து ஒதுக்கி வைத்ததில் இருந்த நன்மையை மட்டும் வைத்துக்கொள்வோம்.

இதை யார் சொல்வது? மருமகள் சொன்னால் திமிர் என்பார்கள். மகன் சொன்னால் பெண்டாட்டி பேச்சைக் கேட்கிறான் என்பார்கள். ஆகவே தாத்தா பாட்டிகளாகிய நாம்தான் சொல்ல வேண்டும். "நீங்க வர வேண்டாம், நாங்க வர்றோம்" என்று முதல் போனிலேயே சொல்லிவிட்டால் தீர்ந்தது. சளி, இருமல் இருந்தால் நாமும் போகக்கூடாது. போனால் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத் தூக்குவோம். சாம்பிராணிப் புகை வேண்டாம்.

தவிர்க்கவே முடியாமல் குழந்தையைக் கூட்டிப்போனால், பைக் வேண்டாம். வெயில் ஏறியபின் காரில் கிளம்புங்கள். பால் குடிக்க மறுத்தாலோ, துவண்டாலோ, மூச்சு வாங்கினாலோ, உடம்பு சில்லிட்டாலோ, காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ கைவைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வண்டி இல்லையென்றால் 108.

பொங்கல் அடுத்த வருஷமும் வரும். அதற்குள் பிள்ளை தானே நடந்து வந்து கரும்பைக் கேட்கும்.